நகைப்பந்தலில் தொங்கிய படம்

முன்னொரு காலத்தில், சிரிப்பதற்குக்கூட அரசாங்கத்தில் நாள் குறித்துக் கொடுத்த ஒரு நாடு இருந்தது. அதை ஆண்டவர் இரணவீரர். நல்ல அரசர், பொய் சொல்லக் கூடாது. ஏரி வெட்டினார், சாலையோரம் மரம் வைத்தார், பஞ்சம் வந்தபோது களஞ்சியத்தைத் திறந்துவிட்டார். ஒரே ஒரு குணம் மட்டும் கொஞ்சம் கோணல். அவருக்குச் சிரிப்பு பிடிக்கும். தம்மைப் பார்த்து யாராவது சிரித்தால் பிடிக்காது. இது கோணல் என்று அந்த நாட்டில் யாரும் நினைத்ததில்லை. நினைத்தவர்கள் வெளியே சொன்னதில்லை.

பங்குனி பிறந்தால் அங்கே ஐந்து நாள் வசந்த விழா. கோட்டை வாசலில் ஒரு பெரிய பந்தல் போடுவார்கள். அதற்கு நகைப்பந்தல் என்று பெயர். அந்த ஐந்து நாளும் யாரை வேண்டுமானாலும் படம் போட்டுக் கேலி செய்யலாம். கேலிக்கு ஆளானவர் காலையிலிருந்து உச்சிப்பொழுது வரை அந்தப் படத்துக்கு எதிரே ஒரு மணைப்பலகையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குக் கேலிமணை என்று பெயர். கோபிக்கக் கூடாது. கோபித்தால் தலையில் ஒரு குடம் சாணித் தண்ணீர். உச்சிப்பொழுதில் அரசர் ஊர்வலமாக வருவார். கட்டியக்காரன் படத்தின் கீழே எழுதியிருக்கும் பெயரை உரக்கப் படிப்பான். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

'யாரை வேண்டுமானாலும்' என்றுதான் அரசாணையில் எழுதியிருந்தது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவன் தளவாய் கூற்றுவரின் தொந்தியை உள்ளபடி வரைந்தான். முப்பது கசையடி வாங்கினான். போன ஆண்டு ஒரு தோற்பாவைக் கூத்தன் அரசரின் குறட்டையை மேடையில் விட்டுக் காட்டினான். பாவைகளைக் கொளுத்திவிட்டு அவனைக் கழுதைமேல் ஏற்றி எல்லைக்கு வெளியே அனுப்பினார்கள். அரசரை இழிவாக வரைந்தால் கட்டைவிரல் போகும் என்று அதோடு ஒரு சட்டமும் வந்தது. அவையெல்லாம் கேலி இல்லையாம், அவமதிப்பாம். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று சட்டத்தில் எழுதவில்லை. ஊரார் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள்: மேலே போனால் அவமதிப்பு, கீழே வந்தால் கேலி.

அந்த அரசவையில் விகடனாக இருந்தவன் கொழுந்தப்பன். ஒல்லி உடம்பு, பெரிய காது, நிற்காத வாய். அரசர் முகம் சுளித்தால் சிரிக்க வைக்க வேண்டும், அதுதான் அவன் உத்தியோகம். பாவைக்கூத்தனைக் கழுதையில் ஏற்றிய அன்று அவன் வாய் மட்டும் திறக்கவில்லை. அது அவன் மனசில் முள்ளாகத்தான் கிடந்தது. கிடந்து என்ன பயன்? சோறு இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

அவனுக்கு ஊரில் ஒரே ஒரு உயிர்ச்சிநேகிதர் உண்டு. துறைமுகத்தை ஆண்ட துறைநாயகம், பெயர் மனனன். பவழத்தீவில் பிறந்தவர். இருபது ஆண்டுகளுக்கு முன் மாலுமியாக வந்து, இந்த ஊர்ப் பேச்சை இந்த ஊராரைவிட நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டு, காற்றையும் நீரோட்டத்தையும் உள்ளங்கைபோல் தெரிந்துவைத்திருந்தார். அவர் துறைநாயகம் ஆன பிறகு அந்தத் துறையில் ஒரு கப்பல்கூடத் தரை தட்டவில்லை. தீவுக்காரர்களுக்கே உரிய சுருட்டை முடி, தடித்த உதடு, நல்ல மினுங்கும் கறுப்பு. அந்த ஊர்க்காரர்கள் மட்டும் என்ன, எலுமிச்சம்பழ நிறமா? இல்லை. அரசவையில் பாதிப்பேர் சந்தனத்தைக் கழுவினால் கருங்கல் நிறம்தான். ஆனால் சந்தனம் பூசியவனுக்குத் தன் நிறம் மறந்துபோகும்.

மனனனிடம் ஒரு பிடிவாதம் உண்டு. கப்பல்கள் வந்த வரிசைப்படிதான் கரை சேர வேண்டும் என்பார். ஒருமுறை தளவாயின் குதிரைக் கப்பல், தேங்காய் ஏற்றிவந்த தோணிக்குப் பின்னால் மூன்று நாள் நின்றது. தளவாய் கூற்றுவருக்கு அதிலிருந்து மனனன் பெயரைச் சொன்னாலே பல் கடிக்கும் சத்தம் கேட்கும். துறைநாயகம் பதவியைத் தம் மைத்துனனுக்கு வாங்கித்தர வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. அந்த மைத்துனனுக்கோ செம்பில் தண்ணீர் ஆடினாலே தலை சுற்றும்.

அந்த ஆண்டு விழாவின் முதல் நாள், உச்சிப்பொழுது. ஆஸ்தான ஓவியர் மேகவண்ணர் படத்தின் திரையை விலக்கினார்.

படத்தில் ஓர் உருவம். உதடு மார்பு வரை தொங்கியது. தலைமுடியில் காக்கை கூடு கட்டியிருந்தது. உடம்பு முழுக்க அடுப்புக்கரியால் அப்பிய கறுப்பு. ஒரு கையில் வாழைப்பழம், பின்னால் ஒரு வால். அது குரங்கா, மனிதனா, யாரைப் போல இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே ஓவியர் கீழே பெரிய எழுத்தில் பெயர் எழுதியிருந்தார். கட்டியக்காரன் படித்தான்:

"இதோ, மனனன்!"

பந்தல் அதிரும்படி சிரிப்பு. அரசர் சிரித்தார். தளவாயின் தொந்தி குலுங்கியது. கொழுந்தப்பனும் சிரித்துவிட்டான். நாலு பேர் சிரித்தால் தானும் சேர்ந்து சிரிப்பது அவனுக்குத் தொழில்பழக்கம். வாய் முந்திக்கொண்டது, மனசு பின்னால் வந்தது. மனசு வந்து சேர்ந்தபோது கூட்டத்தின் ஓரத்தில் மனனன் நின்றிருந்தார். அவர் படத்தைப் பார்க்கவில்லை. கொழுந்தப்பனின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு மனனன் போய்க் கேலிமணையில் உட்கார்ந்தார். முதுகு வளையாமல், கை முழங்காலில். முதல் நாள் என்பதால் அன்று மட்டும் பொழுது சாயும்வரை உட்கார வேண்டும் என்றார்கள். உட்கார்ந்தார்.

மறுநாள் அவை கூடியதும் கொழுந்தப்பன் அரசர் முன்னால் போய்க் கும்பிட்டான்.

"அரசே, அந்தப் படத்தை இறக்கிவிட வேண்டும்."

அவை சலசலத்தது. தளவாய் எழுந்தார். "கேட்டீர்களா வேந்தே! விகடனுக்கே விகடம் பிடிக்கவில்லையாம். நாளை சமையற்காரன் வந்து அடுப்பை அணைக்கச் சொல்வான்!"

அரசர் புன்னகைத்தார். "கொழுந்தப்பா, போன மாதம் நீயே துறைநாயகத்தைக் கேலி செய்தாய் அல்லவா? அவர் சோதித்து முடிப்பதற்குள் உப்புக் கப்பலில் உப்பெல்லாம் கரைந்து, வெறும் தண்ணீர் கரை இறங்கியது என்று சொன்னாயே. நாம் எல்லாரும் சிரித்தோமே."

"சொன்னேன், அரசே. அது அவருடைய மந்தத்தைப் பற்றி. அதைக் கேட்டு அவரே மூன்று நாள் சிரித்தார். இந்தப் படத்தில் அவர் செய்த காரியம் ஒன்றுகூட இல்லை. உதடும் முடியும் நிறமும்தான் இருக்கின்றன. அவை அவர் செய்தவை அல்ல, அவர் தாய் கொடுத்தவை. துறைநாயகத்தைக் கேலி செய்யுங்கள், நானும் சேர்ந்து செய்கிறேன். அவர் தாயை விட்டுவிடுங்கள்."

ஓவியர் மேகவண்ணர் கையை விரித்தார். "கறுப்பைக் கறுப்பாகத்தானே வரைய முடியும்?"

"ஓவியரே, நம் கோயிலில் கார்மேனியான் இருக்கிறார். அவர் கறுப்பை நீர் வரையும்போது முத்தும் துளசியும் சேர்த்து வரைகிறீர். நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். உமக்கே மேகத்தின் நிறத்தைத்தான் பெயராக வைத்தார்கள், உம் அம்மா ஆசைப்பட்டு. அதே நிறம் மனனன்மேல் ஏறினால் வால் முளைக்கிறது. அந்தக் கறுப்பு எந்தக் கடையில் வாங்கியது என்றுதான் கேட்கிறேன்."

யாரோ பின்வரிசையில் களுக்கென்று சிரித்து, தளவாய் திரும்பிப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

அரசருக்குப் பேச்சு ருசித்தது. ஆனால் மனசு அசையவில்லை. "நீ சொல்வதெல்லாம் காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் நான் அந்தப் படத்தைப் பார்க்கிறேன், எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. எங்கேயும் வலிக்கவில்லையே? சரி, ஒன்று செய். அந்தப் படத்தில் ஒரு கோட்டையும் அழிக்கக் கூடாது. ஒரு கோட்டையும் சேர்க்கக் கூடாது. அதைப் பார்த்து எனக்கு வலிக்கும்படி செய். அப்போது இறக்கச் சொல்கிறேன். நாளை உச்சிப்பொழுது வரை உனக்குத் தவணை."

தளவாய் இதற்காகத்தான் காத்திருந்தார். "செய்ய முடியாவிட்டால், வேந்தே? விளையாட்டுக்கு ஒரு பந்தயம் வேண்டாமா? உடம்பெல்லாம் கரி பூசி, வால் கட்டி, இந்தப் படம் போலவே வேடம் போட்டுக் கடைசி நாள் ஊர்வலத்தில் துறைநாயகத்தின் முன்னால் இவன் ஆட வேண்டும்."

"ஆகட்டும்" என்றார் அரசர்.

கரியும் வாலும் கொழுந்தப்பனுக்குப் புதிதில்லை, எத்தனையோ வேடம் கட்டியவன். மனனன் முன்னால் ஆட வேண்டும் என்பதுதான் அவனுக்கு ஒப்பவில்லை.

அன்று பிற்பகல் துறைமுகத்துக்குப் போனான். மனனன் தம் வீட்டு வாசலில் ஒரு மரப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன கொழுந்தப்பா, சிரிச்சு முடிச்சிட்டியா?"

கொழுந்தப்பன் சுற்றி வளைக்கவில்லை. "அண்ணே, தப்புதான். வாய் கேக்காம சிரிச்சிருச்சு. என்னைச் செருப்பால அடிங்க."

"செருப்பெல்லாம் பெட்டிக்குள்ள போயிருச்சு." மனனன் முடிச்சை இறுக்கினார். "அஞ்சாம் நாள் சாயங்காலம் பவழத்தீவுக்குக் கப்பல் இருக்கு. இருபது வருசம் இந்தத் துறையில நின்னேன். எத்தனை கப்பல் எந்தப் பாறையில மோதாம காப்பாத்தினேன்னு எனக்கே நெனப்பில்ல. நேத்து மணையில உக்காந்திருந்தப்போ, நான் கரை சேத்த மாலுமிங்களே வந்து சிரிச்சுட்டுப் போறானுங்க. ஒருத்தன் வாழைப்பழம் வெச்சுட்டுப் போறான். அதைக்கூடப் பொறுத்துக்குவேன். நீ சிரிச்சதுதான் எனக்கு ஆறல."

கொழுந்தப்பன் தரையைப் பார்த்தான். பிறகு அரசர் போட்ட நிபந்தனையைச் சொன்னான். கோட்டை அழிக்கக் கூடாது, சேர்க்கக் கூடாது, அரசருக்கு வலிக்க வேண்டும்.

மனனன் கசப்பாகச் சிரித்தார். "அந்தப் படத்துல என்னோடதுன்னு இருக்கிறது பேரு ஒண்ணுதான். அதையாவது அந்த ஓவியர் ஒழுங்கா எழுதியிருக்காரு. உங்க ஊர் ஓலை எழுதுறவங்க ஒருத்தரும் எழுதுனதில்ல. அவங்க கைக்கு என் பேரு புதுசு, பழக்கதோசத்துல நடுவுல ஒரு புள்ளி வெச்சுடுவாங்க. அப்புறம் அந்த ஓலையைக் கொண்டுபோனா சந்தையில எல்லாரும் எழுந்து நின்னு கும்பிடுறாங்க."

கொழுந்தப்பன் தலையை நிமிர்த்தினான். அவன் காதுகள் இரண்டும் விறைத்தன.

"அண்ணே, அந்தப் பெட்டியை உடனே அவுக்க வேணாம். ஆனா கப்பல்ல ஏத்தவும் வேணாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தான்.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுது நெருங்கியது. பந்தலில் எள் விழ இடமில்லை. விகடன் கரி பூசிக்கொள்வதைப் பார்க்க ஊரே திரண்டிருந்தது. தளவாய் முன்னேற்பாடாக ஒரு சட்டி நிறையக் கரியும், வைக்கோலில் திரித்த ஒரு வாலும் கொண்டுவந்திருந்தார். மனனன் மணையில் உட்கார்ந்திருந்தார். அரசர் வந்து அமர்ந்தார்.

"கொழுந்தப்பா, என்ன செய்தாய்?"

"இனிமேல்தான், அரசே. அந்தக் கரிச்சட்டியைக் கொஞ்சம் இப்படித் தரச் சொல்லுங்கள்."

தளவாய் மகிழ்ச்சியாகவே கொடுத்தார். கொழுந்தப்பன் சுட்டுவிரலைக் கரியில் தோய்த்துக்கொண்டு படத்தை நெருங்கினான்.

"கோடு போடப் போகிறான்! தோற்றான்!" என்று கூவினார் தளவாய்.

கொழுந்தப்பன் விரலை இழுக்கவில்லை. பெயர் எழுதியிருந்த இடத்தில், நடுவில் நிற்கும் இரண்டு எழுத்துகளில் முதல் எழுத்தின் தலைக்கு மேலே, விரல்நுனியை ஒரே ஒருமுறை ஒற்றி எடுத்தான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

உச்சிப்பொழுது மணி அடித்தது. கட்டியக்காரன் தன் கடமையைச் செய்ய முன்னால் வந்தான். அவன் எதையும் யோசிக்கிற வழக்கமில்லாதவன். எழுதியிருப்பதை உரக்கப் படிப்பது மட்டுமே அவன் வேலை. நெஞ்சை நிமிர்த்தி, படத்தைக் கை காட்டி முழங்கினான்:

"இதோ, மன்னன்!"

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்டில் கட்டியக்காரன் 'மன்னன்' என்று சொன்னால் குடிகள் என்ன செய்ய வேண்டும் என்பது பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் படத்தைப் பார்த்துக் கைகூப்பிக் கத்தினார்கள்:

"வாழ்க! வாழ்க! வாழ்க!"

மூன்றாவது 'வாழ்க'வில் பாதிப்பேருக்கு விஷயம் புரிந்துவிட்டது. குரல் அப்படியே தேய்ந்து நின்றது. கூப்பிய கைகளை இறக்குவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. மார்பு வரை உதடு தொங்க, வாழைப்பழமும் வாலுமாக, மன்னன் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அரசர் முகம் சிவந்தது. அவர் எழுந்து படத்தின் அருகே வந்து, எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"இதுவா நான்? என்னைக் குரங்காக்கினாயா? என் தாய் இதைப் பார்த்தால்..." என்று தொடங்கியவர், சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

கொழுந்தப்பன் மெதுவாகச் சொன்னான்: "வலிக்கிறதா, அரசே?"

ஓவியர் மேகவண்ணர் கீழே விழுந்து கும்பிட்டார். கட்டைவிரல் சட்டம் அவருக்கு நினைவு வந்துவிட்டது. இரண்டு கட்டைவிரல்களையும் உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டே கும்பிட்டார். "வேந்தே, நான் தங்களை வரையவில்லை! சத்தியமாக இது தாங்கள் இல்லை! இவன் நிபந்தனையை மீறிவிட்டான், கோடு சேர்த்துவிட்டான்!"

"கோடா? நான் வைத்தது புள்ளி."

"புள்ளியும் சின்னக் கோடுதான்!"

கொழுந்தப்பன் கூட்டத்தில் பெண்கள் நின்ற பக்கம் திரும்பினான். "தாய்மார்களே, நீங்கள் சொல்லுங்கள். கோலம் போடுகிறீர்களே, புள்ளியும் கோடும் ஒன்றா?"

"அது எப்படி ஒண்ணாகும்?" என்றாள் ஒரு பூக்காரி, அரசர் இருக்கிறார் என்பதையும் மறந்து. "புள்ளி வேற, கோடு வேற. இதுகூடத் தெரியாம இவரு எப்படிப் படம் போடுறாரு?"

அரசர் தளவாயைப் பார்த்தார். தளவாய் கரிச்சட்டியைப் பார்த்தார்.

"அரசே" என்றான் கொழுந்தப்பன், "நேற்றுத் தாங்கள் சிரித்த அதே படம்தான் இது. ஒரு கோடு குறையவில்லை, கூடவில்லை. நேற்று அழகாக இருந்தது என்றால் இன்றும் அழகாகத்தானே இருக்க வேண்டும்? அதிகமாகச் சிரித்தவர் தளவாய். அவரை மறுபடி ஒருமுறை சிரித்துக் காட்டச் சொல்லுங்கள்."

"தளவாய், சிரியும்" என்றார் அரசர்.

தளவாய்க்கு வியர்த்துக் கொட்டியது. சிரித்தால் அரசரைப் பார்த்துச் சிரித்த குற்றம். சிரிக்காவிட்டால் படத்தில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டதாகும். வாயின் வலப்பக்கத்தைச் சிரிக்க விட்டார், இடப்பக்கம் அழுதது. "ஹெ" என்று ஒரு சத்தம் வந்தது. அது பயத்தில் உள்ளே போனது. மறுபடி "ஹெ" என்றார். தொந்தி மட்டும் கடமை தவறாமல் குலுங்கிப் பார்த்து, துணைக்கு யாரும் இல்லாததால் நின்றுவிட்டது.

அதைப் பார்த்ததும் அரசருக்கே அடக்க முடியவில்லை. வெடித்துச் சிரித்தார். அவர் சிரித்ததும் ஊரும் சிரித்தது, தைரியமாக.

"வென்றாய், கொழுந்தப்பா! யாரங்கே, படத்தை இறக்குங்கள். ஓவியர் தம் கட்டைவிரலோடு வீட்டுக்குப் போகலாம். துறைநாயகமே, எழுந்து வாருங்கள். எல்லாம் முடிந்தது."

இரண்டு காவலர் ஏணியைச் சாத்தினார்கள். மனனன் எழுந்தார். அரசர் முன்னால் வந்து முறைப்படி வணங்கினார். அவர் முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை.

"அரசே, ஒரு சொல். இந்தப் படம் என் பெயரில் முதல் நாள் உச்சியிலிருந்து இன்று உச்சி வரை, இரண்டு நாள் தொங்கியது. தங்கள் பெயருக்கு மாறி அரை நாழிகைகூட ஆகவில்லை. அதற்குள் ஏணி வந்துவிட்டது."

ஏணியில் ஏறிய காவலன் ஏறிய படியிலேயே நின்றான். தான் கெட்டிக்காரத்தனமாக அரசருக்கு வலியைக் காட்டிவிட்டோம் என்று கொழுந்தப்பன் நினைத்திருந்தான். மனனனுக்கு வலித்ததற்காக அல்ல, அரசருக்கு வலித்ததற்காகவே படம் இறங்குகிறது என்பது அப்போதுதான் அவனுக்கும் உறைத்தது.

அரசருக்குப் போன ஆண்டு எரிந்த பாவைகளின் நினைவு வந்ததோ, என்னவோ. ஏணியைப் பார்த்துக் கை காட்டினார்.

"இறங்கு. படம் அங்கேயே இருக்கட்டும், புள்ளியோடு. ஐந்தாம் நாள் உச்சிப்பொழுது வரை." பிறகு தாமே நடந்துபோய், கேலிமணையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

தளவாய் பதறினார். "வேந்தே, தாங்களா!"

"யாரை வேண்டுமானாலும் என்றுதானே ஆணை? என் கையெழுத்துத்தான். பேசாமல் போய் நில்லும்."

மணையில் உட்காருவது சிம்மாசனத்தில் உட்காருவது போல இல்லை என்று அரசர் அன்றே கண்டுகொண்டார். பலகை கட்டை. வெயில் நேரே முகத்தில் அடிக்கும். போகிறவர்கள் யாரும் சிரிக்கவில்லை. குனிந்து காலைப் பார்த்துக்கொண்டு ஓடினார்கள். தாண்டிப் போனதும் பின்னால் கிசுகிசுப்பு. அந்தக் கிசுகிசுப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவர் காது குடைந்தது. நான்காம் நாள் எழுத்தறியாத வெளியூர்ப் பாய் வியாபாரிகள் நாலு பேர் வந்தார்கள். மணையில் இருப்பது அரசர் என்று அறியாமல், "யாருப்பா இந்தக் கொரங்கு மூஞ்சி? ஓ, நீதானா?" என்று கேட்டு, விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, போகும்போது ஒரு வாழைப்பழத்தை மடியில் போட்டுவிட்டுப் போனார்கள். காவலர் வாளை உருவினார்கள். அரசர் வேண்டாம் என்று தலையசைத்தார். அன்று அவர் சாப்பிடவில்லை என்று அரண்மனையில் பேசிக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள் காலை. வெயில் ஏற ஏற அரசர் நெளிந்தார். முதுகு விண்விண் என்று தெறித்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கொழுந்தப்பனை அருகே அழைத்தார்.

"கொழுந்தப்பா, துறைநாயகம் கப்பல் ஏறிவிட்டாரா?"

"இல்லை அரசே. சாயங்காலம்தான் கப்பல். பெட்டி துறையில் இருக்கிறது."

"அவரிடம் போ. அரசன் ஆணையிடவில்லை, கேட்கிறான் என்று சொல். படத்தை இறக்கிக்கொள்ளலாமா என்று கேள். அவர் சொல்வதைச் சொன்னபடியே வந்து சொல். ஒரு எழுத்துக்கூட நீ உன் கைவரிசையைக் காட்டாதே."

கொழுந்தப்பன் ஓடினான். மனனன் துறைமேடையில், கயிறு கட்டிய பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். எதிரே பவழத்தீவுக் கப்பலில் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, அரசர் கேக்கச் சொன்னாரு. ஆணை இல்லையாம், கேக்குறாராம். படத்தை எறக்கிக்கலாமான்னு."

மனனன் கப்பலைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, தம் நிழல் தரையில் எவ்வளவு நீளம் விழுகிறது என்று குனிந்து பார்த்தார். இருபது ஆண்டு நிழலைப் பார்த்தே பொழுது சொன்னவர். கொழுந்தப்பனைப் பார்த்தபோது, ஐந்து நாளில் முதல் முறையாக அவர் கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

"உச்சிக்கு இன்னும் ஆறு நாழிகை இருக்குன்னு சொல்லு."

கொழுந்தப்பன் திரும்பி ஓடத் தொடங்கினான். பத்தடி போனதும் பின்னால் மனனன் சுமைகூலியாளைக் கூப்பிடும் குரல் கேட்டது. "ஏம்ப்பா, இந்தப் பெட்டியைத் தூக்கு. கப்பலுக்கு இல்ல. வீட்டுக்கு."

கொழுந்தப்பன் மூச்சு வாங்கப் பந்தலுக்கு வந்து, அரசர் காதருகே குனிந்து, ஒரு எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான்.

அரசர் ஒரு கணம் அவனையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அவைக்காகச் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. தோள் குலுங்கி, கண்ணில் நீர் வந்து, முதுகுவலியில் "ஐயோ அம்மா" என்று இடையிடையே முனகிக்கொண்டு சிரித்தார். சுற்றி நின்றவர்கள் என்ன விஷயம் என்று தெரியாமல் விழித்தார்கள். அவர் தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கொழுந்தப்பன் கழுத்தில் போட்டார். போட்டுவிட்டு, மேல்துண்டால் கண்ணைத் துடைத்து, கையை முழங்காலில் வைத்து, முதுகை நிமிர்த்தி, ஆறு நாழிகையும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.